செம்புக் குச்சிகள்

பேராசிரியை உமையாளிடம் ஆராய்ச்சி மாணவராக வந்து சேர்ந்தபோது யேசுவடியானுக்கு ஐம்பத்திரண்டு வயது. உமையாளுக்கு நாற்பத்தொன்று. அவர் இவரை "மேடம்" என்றார், இவர் அவரை "சார்" என்றார். இருவருமே அதில் ஒருநாளும் தவறியதில்லை.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு சிறிய கல்லூரியில் இருபத்தைந்து வருஷம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவர் யேசுவடியான். அவரிடம் படித்த பிள்ளைகள் பலர் டாக்டர் பட்டம் வாங்கிப் பெரிய இடங்களுக்குப் போய்விட்டார்கள். அவருக்கு அது வாய்க்கவில்லை. கல்லூரி முதல்வர் ஓய்வு பெறும் சமயம் நெருங்கியபோது நிர்வாகத்தில் கூப்பிட்டுச் சொன்னார்கள்: பட்டத்தோடு வாருங்கள், நாற்காலி உங்களுக்குத்தான். அவர் விடுப்பு எடுத்துக்கொண்டு, மனைவி ஜெயசீலியை ஊரில் விட்டுவிட்டு, உமையாளின் பல்கலைக்கழகத்துக்கு வந்தார்.

முதல் நாளே ஒரு கேள்வி கேட்டார்.

"கண்ணுக்கே தெரியாத ஒரு துகளை, இந்த அளவுல இரு, இந்த வடிவத்துல இருன்னு நம்ம எப்படி மேடம் சொல்ல முடியும்?"

உமையாள் ஒரு குடுவையை எடுத்து அவர் கையில் கொடுத்தார். பெட்ரோல் வாடை அடிக்கும் எண்ணெய். அதில் சோப்பு மாதிரியான ஒரு பொருள் கரைந்திருந்தது. அதற்குள் கொஞ்சம் தண்ணீரைச் சொட்டினார். யேசுவடியான் குடுவையை வேகமாக ஆட்டத் தொடங்கினார்.

"ஆட்டாதீங்க சார். தானா ஆகும்."

அவர் கையை நிறுத்தினார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கலங்கல் தெளிந்தது. தண்ணீரே ஊற்றாததுபோல் குடுவை பளிச்சென்று இருந்தது.

"தண்ணி எங்க மேடம்?"

"அங்கதான் இருக்கு. கோடிக்கணக்கான துளியா. ஒவ்வொண்ணைச் சுத்தியும் ஒரு சோப்புத் தோல். அந்தத் துளிக்குள்ளதான் துகள் வளருது. தண்ணியைக் கூட்டினா துளி பெருசாகும், குறைச்சா சிறுசாகும்."

"அப்ப இட்லித் தட்டு மாதிரி. குழி எவ்வளவோ இட்லி அவ்வளவு."

"இட்லித் தட்டுல ஒரு குழி மாவு அடுத்த குழிக்குப் போகாது. இதுல போகும். துளிங்க ஓயாம மோதிக்கிட்டே இருக்கும். மோதும்போது தோல் திறக்கும், இங்க இருக்கிறது அங்க போகும், மறுபடி மூடிக்கும்."

யேசுவடியான் யோசித்தார். "எல்லாம் திறந்து கிடந்தா, அளவு மட்டும் எப்படி நிக்கும்?"

உமையாள் கை கழுவப் போனார். "அதைப் பாக்கத்தான் சார் நீங்க வந்திருக்கீங்க."

*

யேசுவடியான் உழைத்தார். ஒரு குடுவையில் செம்பு உப்பு அடங்கிய துளிகள். இன்னொன்றில் செம்பை உலோகமாக மாற்றும் மருந்து அடங்கிய துளிகள். காற்றுப் படாமல் இரண்டையும் சேர்த்தால், நீலம் மெல்லப் போய்ச் செந்நிறம் வரும். அந்தச் செந்நிறம்தான் துகள். அதை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் தெரிவது கடுகு மாதிரி உருண்டை. எல்லோருக்கும் உருண்டைதான் வந்தது.

அவருக்கு மட்டும் குச்சி வந்தது.

முதல் படத்தைப் பார்த்தபோது அவர் நம்பவில்லை. தீப்பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டியதுபோல் திரை முழுக்கச் சின்னச் சின்னக் குச்சிகள். எல்லாம் ஒரே நீளம், ஒரே பருமன். திரும்பச் செய்தார், திரும்பவும் குச்சி. தண்ணீருக்கும் சோப்புக்கும் உள்ள விகிதத்தைத் தாம் பிடித்த பிடியும், சொட்டுச் சொட்டாகச் சேர்த்த நிதானமும்தான் அந்த வடிவத்தைத் தந்தன என்று அவர் முடிவுக்கு வந்தார். அதையே கட்டுரையாக எழுதினார். ஒரு நல்ல ஆய்விதழ் ஏற்றுக்கொண்டது.

ஜெயசீலிக்குப் போன் செய்து சொன்னார். அவள் போதகரிடம் சொன்னாள். அடுத்த மாதச் சபைப் பத்திரிகையில் 'டாக்டர் யேசுவடியான்' என்றே போட்டு வாழ்த்து வந்துவிட்டது. இன்னும் பட்டம் வரவில்லையே என்று அவர் சிரித்தார். ஆனால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி வாங்கிவைத்துக்கொண்டார்.

ஆய்வகத்தின் மூலையில் அவருடைய வடிகலம் ஒன்று இருந்தது. பழைய கண்ணாடிச் சாமான். தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆவியைக் குளிர்வித்து, சொட்டாக வடிக்கும். தம் கல்லூரியிலிருந்து துணி சுற்றி எடுத்து வந்தது. ஆய்வகத்தில் எல்லோரும் சுவரில் மாட்டிய புது எந்திரத்திலிருந்து தண்ணீர் பிடித்தார்கள். அவர் மட்டும் தாம் வடித்ததைத்தான் எடுப்பார்.

"கண்ணெதிர்ல காய்ச்சின தண்ணி. அதுக்கு மேல சுத்தம் எது?" என்பார்.

*

தில்ஷாத் என்ற பெண் அப்போதுதான் ஆராய்ச்சியில் சேர்ந்திருந்தாள். அதிராம்பட்டினம். அதிகம் பேசமாட்டாள். தூரத்திலிருந்து கேட்டால் இருமல்போல் இருக்கும், அவ்வளவு மெதுவான சிரிப்பு. யேசுவடியானின் குச்சிகளை வைத்துத்தான் அவள் வேலை. அதனால் முதலில் அவற்றைச் செய்யப் பழக வேண்டும்.

அவர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். பக்கத்தில் நின்று கையைப் பிடிக்காத குறையாகக் காட்டினார். அவள் தன் மேசையில் போய்ச் செய்தாள். உருண்டை வந்தது.

"மெதுவா விடும்மா. அவசரப்படாத."

மெதுவாக விட்டாள். உருண்டை.

"குடுவையை நல்லாக் கழுவினியா?"

கழுவினாள், காயவைத்தாள், திரும்பச் செய்தாள். உருண்டைதான்.

அது பல நாள் நடந்தது. யேசுவடியானின் குரல் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. அவருக்கே அது தெரியவில்லை. ஆய்விதழிலிருந்து கட்டுரை எப்போது வேண்டுமானாலும் அச்சாகி வரலாம். வந்த பிறகு, அதே ஆய்வகத்திலேயே வேறொருவருக்கு அது வரவில்லை என்று வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்ற நினைப்பு உள்ளே எங்கோ அரித்துக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமைதோறும் உமையாளின் மாணவர்கள் எல்லோரும் கூடுவார்கள். அவரவர் வேலையைச் சொல்வார்கள். அந்த வெள்ளிக்கிழமை தில்ஷாத் எழுந்து, இந்த வாரமும் உருண்டைதான் வந்தது என்றாள். மேலே ஏதோ சொல்ல வந்தவள்போல் நின்றாள். அதற்குள் யேசுவடியான் பேசிவிட்டார்.

"செய்முறையில குறை இல்ல மேடம். கை சுத்தம் வேணும். அடுப்படியில தாளிக்கிற மாதிரி இங்க வந்து செஞ்சா கடுகுதான் வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவருக்கும் தம் பேச்சு பிடித்திருந்தது.

தில்ஷாத்தின் வலது கை அவளுடைய வெள்ளைக் கோட்டின் பைக்குள் இருந்தது. அதை அவள் வெளியே எடுக்கவில்லை. உமையாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேற ஏதாவது சொல்லணுமா தில்ஷாத்?"

"இல்ல மேடம்."

அவள் உட்கார்ந்தாள்.

"அடுத்தது யாரு?" என்றார் உமையாள்.

திங்கட்கிழமை தில்ஷாத் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. காய்ச்சலாம், ஊருக்குப் போய்விட்டாளாம் என்றார்கள்.

*

புதன்கிழமை காலை உமையாள் அவரைக் கூப்பிட்டார்.

"சார், தில்ஷாத் மேசையில அவ பாட்டில் எல்லாம் அப்படியே இருக்கு. அதை வச்சு நீங்க ஒரு தடவை செஞ்சு பாருங்க."

யேசுவடியான் சந்தோஷமாக ஒத்துக்கொண்டார். கை எப்படி இருக்க வேண்டும் என்று காட்டிவிடலாம். நிதானமாகச் செய்தார், ஒவ்வொரு சொட்டாக. செந்நிறம் வந்தது. மாதிரியை நுண்ணோக்கிக்கு எடுத்துப் போனார்கள்.

திரையில் கடுகு.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஒரு குச்சிகூட இல்லை.

"அவ மருந்து கெட்டுப்போயிருக்கும் மேடம்."

"இருக்கலாம். அவ மருந்தே இருக்கட்டும். உங்க பாட்டில்ல ஒண்ணே ஒண்ணை மட்டும் மாத்திப் பாப்போம்."

"எதை மாத்த?"

"தண்ணியை."

அன்று மத்தியானமே அப்படியே செய்தார். தில்ஷாத்தின் செம்பு, தில்ஷாத்தின் சோப்பு, தில்ஷாத்தின் எண்ணெய், தம் தண்ணீர். திரையில் தீக்குச்சிகள் சிதறிக் கிடந்தன.

அவருக்கு மூச்சு வந்தது. "பாத்தீங்களா மேடம். மருந்துல குறை இல்ல. தண்ணிதான். அவ தண்ணி சுத்தமில்ல."

உமையாள் இரண்டு சோதனைக் குழாய்களை எடுத்தார். ஒன்றில் தில்ஷாத்தின் தண்ணீர். இன்னொன்றில் அவர் வடித்த தண்ணீர். இரண்டிலும் ஒரு சொட்டு அமிலம் விட்டார். பிறகு பழுப்பு பாட்டிலைத் திறந்து, இரண்டிலும் வெள்ளி நைட்ரேட் கரைசலைச் சொட்டினார்.

தில்ஷாத்தின் தண்ணீர் அப்படியே இருந்தது.

மற்றது கலங்கியது. மேலிருந்து கீழே புகைபோல் இறங்கி, அரிசி களைந்த நீர்போல் வெள்ளையாக நின்றது.

யேசுவடியானின் வாய் தானாகப் பேசியது. வருஷாவருஷம், வகுப்பு வகுப்பாக, கரும்பலகைக்கு முன் நின்று சொன்ன வாக்கியம். முதல் வருஷப் பிள்ளைகளுக்கு அவர் முதலில் செய்துகாட்டும் சோதனை அது.

"வெண்மை நிற வீழ்படிவு. குளோரைடு இருக்கிறது."

சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதில் விழுந்தது.

"உப்பு," என்றார். "என் தண்ணியிலயா?"

உமையாள் குழாயை அவர் கையில் கொடுத்தார். அவர் அதை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார்.

அவர் வடிகலத்திடம் போனார். நடந்தா ஓடியா என்று அவருக்கே நினைவில்லை. ஆவி போகும் கண்ணாடிக் குழாயைச் சுற்றிக் குளிர்ந்த தண்ணீர் ஓட இன்னொரு உறை உண்டு. அந்தத் தண்ணீர் ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து வருவது, வாயில் வைத்தால் கரிக்கும். அவர் உறையில் கொஞ்சம் பெர்மாங்கனேட்டைக் கரைத்து ஊற்றினார். அடர்ந்த ஊதாவாக நிறைந்தது. உள்குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு, வளைவுக்குச் சற்று மேலே, கண்ணாடியின் உள்பக்கம் ஊதா நிறத்தில் ஒரு முத்து பூத்தது. கனத்தது. வழிந்தது.

முடிபோல ஒரு விரிசல்.

பெரிய துணியில் சுற்றி, பேருந்தில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த சாமான். ஊரிலிருந்து வந்த அன்றே விரிந்திருக்க வேண்டும். அன்றிலிருந்து அவர் செய்த ஒவ்வொரு குடுவையிலும் கிணற்று உப்பு இருந்திருக்கிறது. விகிதம் இல்லை, நிதானம் இல்லை. குச்சிகளைச் செய்தது ஓட்டை.

அவர் பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்தார். உமையாள் பின்னால் வந்து நின்றார்.

"மேடம், இது உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா?"

"விரிசல் தெரியாது. உப்பு தெரியும்."

"எப்ப இருந்து?"

"வெள்ளிக்கிழமை காலையில இருந்து."

"வெள்ளிக்கிழமைன்னா, கூட்டத்துக்கு முன்னாலயா?"

"தில்ஷாத் வந்து காட்டினா. இதே சோதனைதான். உங்க தண்ணியில கொஞ்சம் எடுத்துச் செஞ்சு பாத்திருக்கா. அந்தக் குழாயை மூடி போட்டுக் கோட்டுப் பையில வச்சிருந்தா. கூட்டத்துல சொல்லேன்னு சொன்னேன். மாட்டேன்னுட்டா."

"ஏன்?"

"'சார் பெரியவரு. எல்லார் முன்னாடியும் அவருக்குத் தலைகுனிவா இருக்கும். முடிஞ்சதும் தனியா சொல்லிக்கிறேன் மேடம்'னா."

பைக்குள் இருந்த அந்தக் கை யேசுவடியானின் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அவர் தாளிப்பையும் கடுகையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, அவள் அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். எல்லோரும் சிரித்தபோதும் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

உறையிலிருந்து ஊதாத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. யாரும் குழாயை மூடவில்லை.

*

மறுநாள் அவர் அதிராம்பட்டினத்துக்குப் பேருந்து ஏறினார். உமையாளிடம் சொல்லவில்லை. தில்ஷாத்திடமும் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்கப் போகிறவன் முன்கூட்டி அனுமதி வாங்கிக்கொண்டா போவான் என்று அவருக்குத் தோன்றியது.

தில்ஷாத்தின் வாப்பா வாசலுக்கே வந்து அழைத்துப் போனார். வெள்ளைத் தாடி, வெள்ளைக் கைலி. நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"எங்க புள்ள உங்களைப் பத்தி ரொம்பச் சொல்லும் சார். ரொம்பப் பொறுமையாச் சொல்லித் தருவாகன்னு சொல்லும். காய்ச்சல்னு வந்திருக்கு. நீங்களே பாக்க வந்துட்டீங்களே, எவ்வளவு பெரிய மனசு."

தேநீர் வந்தது. கதவுக்குப் பின்னால் உம்மா நிற்பது தெரிந்தது. தில்ஷாத் வெளியே வந்தாள். அவரைப் பார்த்ததும் முகம் வெளுத்தது.

யேசுவடியான் எழுந்து நின்றார். பேருந்தில் வரும் வழியெல்லாம் மனத்துக்குள் ஒத்திகை பார்த்ததைச் சொன்னார். கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அவளைக் கை சுத்தமில்லாதவள் என்று சொன்னதை, அடுப்படி என்று சொன்னதை, எல்லோரும் சிரித்ததை, தவறு முழுக்கத் தம்முடையது என்பதை. ஒன்றையும் மறைக்கவில்லை. சொல்லச் சொல்ல நெஞ்சு லேசானது.

முடித்துவிட்டுப் பார்த்தார். வாப்பாவின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டிருந்தது.

"இது எங்களுக்குத் தெரியாது," என்றார் அவர்.

கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் உள்ளே போனது. வாப்பா மகளைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"இதுக்காகவா புள்ள வந்தே? காய்ச்சல்னியே."

தில்ஷாத் செருப்பை மாட்டிக்கொண்டு, "சாரை பஸ்ஸுக்கு விட்டுட்டு வர்றேன் வாப்பா," என்று வெளியே இறங்கினாள். யேசுவடியான் பின்னால் போனார். தெருமுனை வந்ததும் அவள் நின்றாள்.

"ஏன் சார் இங்க வந்து சொன்னீங்க?"

"மன்னிப்புக் கேக்கத்தாம்மா."

"நான் படிக்கப் போறதே வேண்டாம்னு இருந்த வீடு. வெளியில பொம்பளைப் புள்ளைக்கு என்ன மரியாதை கிடைக்கும்னு உம்மா கேக்காத நாள் இல்ல. அங்க எல்லாரும் என்னைத் தாங்குறாங்கன்னு சொல்லி வச்சிருந்தேன். இந்த ஒரு வாரமும் காய்ச்சல்னுதான் படுத்துக் கிடந்தேன். ரெண்டு நாள்ல கிளம்பியிருப்பேன்." அவள் குரல் உயரவே இல்லை. "இனி அனுப்புவாங்கன்னா நினைக்கிறீங்க?"

அவர் திரும்பி அவள் வீட்டு வாசலைப் பார்த்தார்.

"நீங்க எங்க சொன்னீங்களோ அங்க போய்ச் சொல்லுங்க சார். இங்க யாரும் சிரிக்கல. இங்க எதுக்கு?"

அவள் திரும்பி நடந்தாள். பேருந்து வந்தது, நின்றது, போனது. அவர் ஏறவில்லை. அடுத்ததும் போன பிறகுதான் கை காட்ட வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது.

*

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் எழுந்து நின்றபோது, குச்சிகளின் புதுப் படம் ஏதோ காட்டப்போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் வடிகலத்தின் விரிசல் விட்ட கண்ணாடிக் குழாயை மேசைமேல் வைத்தார்.

"என் தண்ணியில உப்பு இருந்தது. குச்சி அதனாலதான் வந்தது. இதைக் கண்டுபிடிச்சது தில்ஷாத். போன கூட்டத்துல நான் அந்தப் பிள்ளையைச் சொன்னது அத்தனையும் பொய். கை சுத்தமில்லாதது எனக்குத்தான். கட்டுரையைத் திரும்ப வாங்குதேன்னு ஆய்விதழுக்கு எழுதிட்டேன்."

போன தடவை முதலில் சிரித்த மாணவன் ஒருவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அன்று சாயங்காலம் ஜெயசீலியிடம் சொன்னார். முதல்வர் ஓய்வு பெறும் இந்த ஜூனுக்குள் ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது, முதல்வர் நாற்காலி வேறு யாருக்காவது போகும், எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஜெயசீலி கேட்டதெல்லாம் ஒன்றுதான்.

"சபைப் பத்திரிகையில போட்டுட்டாங்களே," என்றாள்.

"போடச் சொல்லு. தப்புன்னு போடச் சொல்லு."

"நானா போய்ச் சொல்லணும்?"

மறுபடியும் தம் தவறை இன்னொருத்தி தலையில் வைக்கப் பார்க்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது.

"இல்ல. நானே வந்து சொல்லுதேன்," என்றார்.

*

சில வாரங்கள் கழித்துத் தில்ஷாத் வந்தாள். தனியாக வரவில்லை. வாப்பாவும் வந்தார். உமையாள்தான் அந்த வீட்டுக்கு இரண்டு தடவை போய் வந்தார் என்பது யேசுவடியானுக்கு அப்போதுதான் தெரிந்தது. வாப்பா ஆய்வகம் முழுக்கச் சுற்றிப் பார்த்தார். மகளின் மேசையைத் தொட்டுப் பார்த்தார். யேசுவடியான் எழுந்து வணக்கம் சொன்னார். வாப்பா தலையை மட்டும் அசைத்தார். சாயங்காலப் பேருந்தில் ஊருக்குப் போய்விட்டார்.

தில்ஷாத் வேலையைத் தொடங்கினாள். எந்திரத்திலிருந்து பிடித்த தண்ணீரில் அளந்து உப்புப் போட்டாள். உப்பே இல்லாமல், கொஞ்சம் போட்டு, கூடக் கொஞ்சம் போட்டு. யேசுவடியான் அவளுக்குக் குடுவைகளைக் கழுவிக் கொடுத்தார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை, நன்றியும் சொல்லவில்லை.

ஒருநாள் அவளே கூப்பிட்டாள்.

"சார், இதைப் பாருங்க."

திரையில் குச்சிகள். அவருடைய குச்சிகளைவிட நேராக, நீளமாக இருந்தன.

"உப்பு போய்க் குச்சியோட பக்கவாட்டுல ஒட்டிக்குது. ஒட்டின இடம் வளராது. ரெண்டு முனையும் மட்டும் வளருது. அதான் குச்சி. உப்பு இல்லன்னா எல்லாப் பக்கமும் ஒண்ணு போல வளர்ந்து உருண்டையாயிடும்."

"அப்ப தண்ணி விகிதம்?"

"துளியோட அளவுக்குத்தான் சார் அது. வடிவத்துக்கு இல்ல."

அவர் வெகுநேரம் பார்த்தார். நான் இத்தனை மாதம் இதைத்தானே பார்த்தேன், ஒன்றும் பார்க்கவில்லையே என்று நினைத்துக்கொண்டார்.

"இன்னும் ஒரு தடவை சொல்லும்மா. எந்தப் பக்கம் ஒட்டுது?"

அவள் இன்னும் ஒரு தடவை சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். புதுக் கட்டுரையில் முதல் பெயர் அவளுடையது என்று உமையாள் அன்றே சொல்லிவிட்டார்.

அன்று எல்லோரும் போன பிறகு உமையாள் தம் அறையில் படங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். யேசுவடியான் கதவருகே வந்து நின்றார்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க சார்."

"அந்தக் கூட்டத்துல நான் பேசினப்ப உங்களுக்கு எல்லாம் தெரியும். ஒரு வார்த்தை சொல்லி என்னை நிறுத்தியிருக்கலாம். ஏன் நிறுத்தல?"

"நிறுத்தியிருந்தா நீங்க தண்ணியை மட்டும்தான் மாத்தியிருப்பீங்க."

அவர் தலையாட்டினார். போகத் திரும்பினார். இரண்டடி போனவர் நின்று, திரும்பி வந்தார்.

"அது சரி மேடம். நான் கத்துக்கிடுததுக்கு அந்தப் பிள்ளை ஏன் அவமானப்படணும்?"

உமையாளின் கையில் இருந்த படம் மேசைக்கு இறங்கியது. என்ன கேட்டாலும் உடனே ஒரு பதிலோ ஒரு குடுவையோ எடுத்துத் தருகிறவர், வெறும் கையோடு உட்கார்ந்திருந்தார். யேசுவடியான் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

"அதுக்கு அவகிட்ட மன்னிப்புக் கேட்டேன் சார்."

"என்ன சொன்னா?"

"உங்ககிட்ட என்ன சொன்னாளோ அதேதான். எங்க சிரிச்சாங்களோ அங்க வந்து கேளுங்கன்னா," என்றார் உமையாள். "இந்த வெள்ளிக்கிழமை நான்தான் முதல்ல பேசறேன்."